நடுவானில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தால் விமானத்தைத் தரையிறக்குவார்களா?

எழுபத்தொரு வயதான உங்கள் தந்தையார், இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர், தங்கையின் பிரசவத்துக்காக அடுத்த மாதம் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குத் தனியாகப் போகவிருக்கிறார். வழியில் நெஞ்சு வலி வந்தால் விமானத்தைத் தரையிறக்குவார்களா, உள்ளே டாக்டர் யாராவது இருப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் எட்ட முடியாத இடத்தில் நான்கு மணி நேரம் அவர் தனியாக இருப்பாரே என்னும் அச்சம்தான் இந்த இரு கேள்விகளுக்கும் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த அச்சத்துக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். சென்னையில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றுகிறேன்; மீனம்பாக்கத்தில் விமானத்திலிருந்து இறக்கி நேரே எங்களிடம் கொண்டுவரப்பட்ட பயணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்; நானே பயணியாகப் போனபோது, டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்ற அறிவிப்புக்கு நான்கு முறை எழுந்து போயிருக்கிறேன். ஆனால் நான் விமானி அல்லன். ஆகவே விமானிகளின் முடிவுகளைப் பற்றி இங்கே எழுதுபவை அவர்களோடு உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டவை.

உறுதியாகத் தெரிந்த உடலியலிலிருந்து தொடங்குகிறேன். விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. 8,000 அடி என்பது மேல் எல்லை. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அது 6,000 அடியை ஒட்டியே இருக்கும். ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி என்பதால், உங்கள் தந்தையார் நான்கு மணி நேரம் ஊட்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஏறும் உயரத்தை இங்கே அரை மணிக்குள் ஏறிவிடுகிறோம் என்பதுதான் வேறுபாடு. அந்த உயரத்தில் நல்ல உடல்நலம் உள்ளவருக்குக்கூட இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 98 சதவீதத்திலிருந்து 90-ஐ ஒட்டி இறங்கக்கூடும். காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். உடலுக்குள் அடைபட்ட வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும். வயிறு உப்புவதும் காது அடைப்பதும் அதனால்தான். இரண்டு ஆண்டுகளாக நெஞ்சு வலி இல்லாமல், மாத்திரைகளை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, ஒரு மாடிப்படி வரிசையை மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய ஒருவருக்கு இந்த உயரம் தன்னளவில் ஆபத்தானதன்று. இதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. நுரையீரல் நோய் முற்றியவர்கள், அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ கண்டவர்கள், இதயம் வீங்கிக் காலில் நீர் கோத்திருப்பவர்கள் ஆகியோரின் கணக்கு வேறு; அவர்களுக்கு இந்தப் பதிலைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

வானில் பயணிகளுக்கு உண்மையில் என்ன நேர்கிறது என்பதற்கு நம்பகமான கணக்கு ஒன்று உண்டு. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை ஐந்து விமான நிறுவனங்கள் தரையிலிருந்த ஒரு மருத்துவ ஆலோசனை மையத்தை அழைத்த ஏறத்தாழ 12,000 நிகழ்வுகளை ஆராய்ந்து, 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டார்கள். 604 விமானப் பயணங்களுக்கு ஒரு மருத்துவ அவசர அழைப்பு. அவற்றில் 37 சதவீதம் மயக்கம் அல்லது மயக்கம் வருவது போன்ற நிலை; 12 சதவீதம் மூச்சுத் தொல்லை; 9.5 சதவீதம் வாந்தியும் குமட்டலும். ஏறத்தாழ பாதி நிகழ்வுகளில் பயணிகளுள் ஒரு மருத்துவர் இருந்து உதவியிருக்கிறார். விமானம் வழிமாறித் தரையிறங்கியது 7.3 சதவீதத்தில் மட்டுமே. பின்னர் என்ன ஆனார்கள் என்று தெரிந்தவர்களில் உயிரிழந்தவர்கள் 0.3 சதவீதம். இந்தக் கணக்கைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. தரைக்கு அழைத்துக் கேட்ட நிகழ்வுகள் மட்டுமே இதில் உள்ளன; பணியாளர்களே ஒரு டம்ளர் தண்ணீரும் சர்க்கரையும் கொடுத்துச் சரிசெய்தவை இதில் சேரவில்லை. நம் ஊரிலிருந்து பேரக்குழந்தையைப் பார்க்கப் புறப்படும் எழுபது வயதுக் கூட்டத்துக்கு இந்த விகிதங்கள் அப்படியே பொருந்தும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் மயக்கமே முதலிடம் என்பது என் அனுபவத்தோடு முழுக்க ஒத்துப்போகிறது. நள்ளிரவு விமானத்துக்காக மாலையிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, குடியேற்ற வரிசையில் கால் கடுக்க நின்று, தூக்கமும் இல்லாமல் சரியான சாப்பாடும் இல்லாமல், கழிவறைக்கு எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரையும் குடிக்காமல் உட்காரும் பெரியவர்களுக்கு அது வராமல் இருந்தால்தான் வியப்பு.

இனி, நெஞ்சு வலி என்று ஒருவர் சொன்னவுடன் உள்ளே நடப்பது. பணியாளர்கள் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள்: ஒருவர் நோயாளியை விட்டு நகர மாட்டார், ஒருவர் ஆக்சிஜன் உருளையையும் மருத்துவப் பெட்டியையும் கொண்டுவருவார், ஒருவர் கேப்டனுக்குத் தகவல் சொல்வார். அதன் பிறகே மருத்துவர் யாராவது இருக்கிறாரா என்ற அறிவிப்பு வரும். யாரும் எழுந்திருக்காவிட்டாலும் வேலை நின்றுவிடுவதில்லை. பெரும்பாலான பன்னாட்டு நிறுவனங்கள் செயற்கைக்கோள் தொலைபேசி வழியாகவோ வானொலி வழியாகவோ தரையிலுள்ள மருத்துவர்களிடம் இருபத்து நான்கு மணி நேரமும் ஆலோசனை பெறும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. முதலுதவிப் பெட்டியைத் தவிர, பூட்டி முத்திரையிட்ட அவசர மருத்துவப் பெட்டி ஒன்றும் இருக்கும். இரத்த அழுத்தமானி, ஸ்டெதஸ்கோப், ஆஸ்பிரின், நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட், மூச்சுக்குழலை விரிக்கும் இன்ஹேலர், அட்ரினலின், குளுக்கோஸ் ஊசி ஆகியவை பொதுவாக அதில் உண்டு. குளுக்கோமீட்டர் எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும் என்று நம்பி ஏறக் கூடாது. இதயம் நின்றுவிட்டால் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியை அமெரிக்க நிறுவனங்களின் பெரிய பயணிகள் விமானங்களில் 2004 முதல் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. மற்ற நாடுகளின் விதிகள் ஒரே மாதிரியானவை அல்ல என்றாலும், நீண்ட தூரம் பறக்கும் நிறுவனங்கள் பலவும் அதை வைத்திருக்கின்றன. பயணச்சீட்டு எடுக்கும் முன் அழைத்துக் கேட்டுவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இதயம் நின்றுபோகும் நிலைமையில் விமானத்தைத் திருப்புவதைவிட முக்கியமானது முதல் சில நிமிடங்கள். மார்பை அழுத்தாமல் விட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடமும் 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. விமானத்தில் அடுத்த இருக்கையில் இருப்பவர் உடனே பார்த்துவிடுகிறார், பயிற்சி பெற்ற பணியாளர் சில அடிகளில் இருக்கிறார், கருவியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் காருக்குள் இதயம் நின்றுபோவதோடு ஒப்பிட்டால், இந்த ஒன்றில் மட்டும் விமானம் மேலான இடம் என்றே சொல்வேன்.

தரையிறக்குவது பற்றி. முடிவு கேப்டனுடையது, மருத்துவர் பரிந்துரைக்கலாம், கட்டளையிட முடியாது. விமான நிலையத்துக்கு நேர் மேலே பறந்துகொண்டிருந்தால்கூட 35,000 அடியிலிருந்து இறங்கி, ஓடுபாதையைத் தொட்டு, கதவைத் திறக்க அரை மணி நேரம் ஆகிவிடும் என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சென்னை–சிங்கப்பூர் வழியில் கரையைத் தாண்டினால் வங்கக் கடல்தான். முதல் ஒரு மணி நேரத்தில் என்றால் சென்னைக்கே திரும்புவார்கள். நடுவில் என்றால், இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேர். அதையும் தாண்டிவிட்டால் மேடான், பினாங்கு, கோலாலம்பூர் என்று முன்னே இருக்கும் ஊர்கள். அந்த ஊரில் அந்த நேரத்தில் வானிலை எப்படி, ஓடுபாதை இந்த விமானத்துக்குப் போதுமா, இரவில் நிலையம் திறந்திருக்குமா, எரிபொருள் கணக்கு என்ன என்பவற்றை விமானி பார்க்க வேண்டும். புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானம் எரிபொருளால் கனத்திருக்கும். ஏ320 வகை விமானங்களில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. உயிர் போகும் நிலை என்றால் அந்தக் கனத்தோடும் இறக்குவார்கள். பிறகு விமானத்தைச் சோதித்த பின்னரே மீண்டும் பறக்க விடுவார்கள். இவற்றோடு நான் அழுத்திச் சொல்லும் ஒன்று உண்டு: இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்திருந்தால் அதைத் திறக்கும் கேத் லேப் உள்ள ஊரில் இறங்குவதே பயன். அந்த வசதி இல்லாத சிறிய ஊரில் இருபது நிமிடம் முன்னதாக இறங்குவதைவிட, வசதியுள்ள நகருக்கு இன்னும் சிறிது நேரம் பறப்பது பல வேளைகளில் நல்ல முடிவு. வெளியே இருந்து பார்க்கும் உறவினருக்கு அது அலட்சியம் போலத் தோன்றலாம்; அப்படி இருக்க வேண்டியதில்லை.

உறுதியற்றவையும் உண்டு. வானில் ஈ.சி.ஜி. எடுக்கும் வசதி பெரும்பாலான விமானங்களில் இல்லை. எஞ்சின் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் ஏறக்குறைய பயனற்றது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்து இரத்த அழுத்தத்தின் மேல் அளவை மட்டும் கணிப்போம். இந்த நிலையில், வந்திருப்பது மாரடைப்பா, நெஞ்செரிச்சலா, பதற்றமா என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இன்னொரு குழப்பம் ஆக்சிஜன் அளவு. விரலில் மாட்டிய கருவி 91 காட்டினால் தரையில் நாங்கள் எழுந்து ஓடுவோம். விமானத்தில் வயதான ஒருவருக்கு அது அந்த உயரத்தின் இயல்பான அளவாகவே இருக்கலாம். இது தெரியாமல் பதறிய மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். மாரடைப்புக்கு ஆக்சிஜன் கொடுப்பது, அளவு குறையாதவர்களுக்குத் தரையில் நன்மை தருவதில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. வானில் எல்லோருக்குமே அளவு சற்றுக் குறைந்திருப்பதால் கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து, ஆனால் அது தரையில் நிறுவப்பட்ட உண்மையைப் போல நிறுவப்பட்டதன்று. சில வேளைகளில் விமானத்தை இன்னும் தாழ்வாகப் பறக்கச் சொல்லலாம். உள்ளே அழுத்தம் கூடி மூச்சு எளிதாகும், எரிபொருள் அதிகம் செலவாகும்.

மருத்துவர் எழுந்து வருவாரா என்பதற்கு: இந்திய மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அவசர நிலையில் உதவி கேட்டால் செவிசாய்க்க வேண்டும் என்கின்றன. உதவிய மருத்துவர் மீது வழக்கு வருமா என்ற தயக்கத்தை அமெரிக்கா 1998-இல் ஒரு சட்டத்தின் மூலம் பெருமளவு நீக்கியது. நம் நாட்டில் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த பாதுகாப்பு சாலை விபத்தில் உதவுவோருக்கானது; அதை விமானத்துக்கு நீட்டிப் படிக்க முடியாது. இருந்தும் எங்களில் பெரும்பாலோர் எழுந்துதான் வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து டில்லிக்குப் போகும் விமானத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அறுபதைக் கடந்த ஒருவர் வியர்த்துக் கொட்டியபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயுப் பிடிப்புதான் என்று மனைவி ஜெலுசில் கொடுத்திருந்தார். பின்வரிசைப் பயணி ஒருவர் நல்லெண்ணத்தோடு தம் பையிலிருந்த சார்பிட்ரேட் என்னும் நைட்ரேட் மாத்திரையை எடுத்து அவர் நாக்கின் அடியில் வைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டில் நாடி தட்டுப்படவே இல்லை. அந்த மாத்திரை இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே அழுத்தம் தாழ்ந்திருப்பவருக்கும், இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவருக்கும் அது கேடாக முடியலாம். சமையல் பகுதியின் தரையில் படுக்க வைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்தோம். ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கக் கொடுத்தேன். மெல்ல மெல்ல நாடி திரும்பியது. கேப்டன் நாக்பூரில் இறக்கினார். இதயத்தின் கீழ்ப்பக்கத்தைப் பாதித்த மாரடைப்பு என்றும், அன்றிரவே குழாயைத் திறந்துவிட்டார்கள் என்றும் பின்னர் அவர் மகன் தொலைபேசியில் சொன்னார். என்னை இன்றும் வருத்துவது வேறொன்று. சென்னையில் பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே அவருக்கு வலி தொடங்கிவிட்டது. சொன்னால் ஏற்ற மாட்டார்கள் என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஏறியிருக்கிறார். வரிசையில் வாய் திறந்திருந்தால் அரை மணியில் இங்கேயே ஒரு கேத் லேப் மேசையில் இருந்திருப்பார். அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழந்தார். விமான நிலையத்திலிருந்து எங்களிடம் வந்தவர்களிடமும் இந்த ஒளிப்பை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். வானில் என்ன வசதி இருக்கிறது என்பதைவிட, தரையில் எதைச் சொல்லாமல் ஏறினார்கள் என்பதே பலருடைய கதையைத் தீர்மானித்திருக்கிறது.

ஆகவே உங்கள் தந்தையார் விஷயத்தில் நான் கேட்டுக்கொள்பவை இவை. நான் அவரைப் பார்த்ததில்லை. போகலாமா வேண்டாமா என்பதை அவருடைய இதய மருத்துவரே சொல்ல வேண்டும், பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே காட்டிவிடுங்கள். அண்மைக்கால ஈ.சி.ஜி.யின் நகல், ஸ்டென்ட் வைத்த தேதி, அன்றாட மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, தங்கையின் சிங்கப்பூர் எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அவருக்குத் தமிழ் மட்டுமே சரளம் என்றால் அந்தத் தாள்தான் அவர் குரல். மாத்திரைகள் அனைத்தும், தேவைக்கு இரு மடங்காக, கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டு வழியில் தவித்தவர்கள் பலர். இன்சுலின் எடுப்பவராக இருந்தால் அது சரக்கறையில் உறைந்து கெட்டும் போகலாம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, விமானத்தில் சாப்பாடு வரும் என்று காத்திருக்கக் கூடாது. கையில் பிஸ்கட்டும் சிறிது சர்க்கரையும் இருக்கட்டும். நடைபாதை ஓர இருக்கை, வீல்சேர் உதவி இரண்டையும் முன்கூட்டியே கேளுங்கள். நடக்க முடிந்தவருக்கு வீல்சேர் எதற்கு என்று அவர் மறுப்பார். மீனம்பாக்கத்திலும் சாங்கியிலும் நடக்க வேண்டிய தூரத்தையும் நிற்க வேண்டிய நேரத்தையும் சொல்லிச் சம்மதிக்க வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கணுக்காலை ஆட்டவும், முடிந்தபோது எழுந்து நடக்கவும், தண்ணீரைத் தவிர்க்காமல் இருக்கவும் சொல்லுங்கள்.

இத்தனையும் வெளிப்படையாகச் சொன்னால் ஏற்ற மறுத்துவிடுவார்களே என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஸ்டென்ட், கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை என்பதற்காக எவரையும் இறக்கிவிட்டதை நான் கண்டதில்லை. சிகிச்சை அண்மையில் நடந்திருந்தாலோ, வழியில் ஆக்சிஜன் தேவைப்பட்டாலோதான் நிறுவனம் மருத்துவப் படிவம் ஒன்றை மருத்துவரிடம் நிரப்பி வாங்கிவரச் சொல்லும். அதையும் பயணத்துக்குச் சில நாள் முன்பே முடித்துவிடலாம். ஏறி உட்கார்ந்ததும் அருகில் வரும் பணியாளரிடம் அந்தத் தாளைக் காட்டி, இதயத்துக்கு மருந்து எடுப்பவர் என்று ஒரு வரி சொல்லிவிடச் சொல்லுங்கள். நெஞ்சில் பாரமோ, இடக்கையிலோ தாடையிலோ வலியோ, காரணமில்லாத வியர்வையோ தோன்றினால் வாயு என்று அடக்கிக்கொண்டு உட்காராமல், அந்த நிமிடமே தலைக்கு மேலுள்ள அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும் கிளம்பும் நாளன்று வீட்டில் ஒரு முறை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள்.